எல்லாருக்கும் ஒரு மைனஸ்

திங்கட்கிழமை காலையில் ஆலைக்குள் நுழைந்ததும் டெனிஸ் என்னைப் பார்த்துச் சிரித்தான். மேல்வரிசையில் சனிக்கிழமை வரை இருந்த ஒரு பல்லைக் காணோம். உதடு வீங்கி, நாவல்பழம் தின்றவன் வாய்போல ஊதா நிறத்தில் இருந்தது. எங்கள் கம்பளநூல் ஆலையின் ஐஸ் ஹாக்கி அணி முந்தின நாள்தான் ஆறுக்கு இரண்டு என்று தோற்றுப் போயிருந்தது. பல்லும் போய், ஆட்டமும் போன பிறகு ஒரு மனிதன் எதற்காகச் சிரிக்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை. துக்கம் விசாரிக்கிற குரலில், ரொம்ப வலிக்கிறதா என்று எனக்கு வந்த ஆங்கிலத்தில் கேட்டேன். "நான் பிளஸ் ஒன்" என்றான். ரத்த வகையைச் சொல்கிறான் என்று நினைத்து, "நான் ஓ பாசிட்டிவ்" என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன் மெஷின் பக்கம் போய்விட்டான். கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நான் நடத்திய உரையாடல்கள் பெரும்பாலும் இந்த அழகில்தான் முடிந்தன.

ராஜபாளையத்தில் இருந்தபடி இதைப் படிக்கிறவர்களுக்கும், என்னைப் போல் எங்கெங்கோ பனியில் வழுக்கிக்கொண்டிருக்கிற நம் ஆட்களுக்கும் முதலில் அந்த விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரை உறைய வைத்த தரை. காலில் கத்தி பொருத்திய ஷூ, கையில் நுனி வளைந்த மட்டை. பந்துக்குப் பதிலாக ஷூ பாலிஷ் டப்பா அளவுக்கு ஒரு கறுப்பு ரப்பர் வில்லை; அதற்குப் பெயர் பக். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் ஓட, ஆறாவது ஆள் கோல் காக்கிறார். அந்த ஐந்து பேரும் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிப்பதில்லை. மூச்சு வாங்கி வெளியே வந்து பெஞ்சில் உட்கார, அடுத்த ஐந்து பேர் உள்ளே குதிப்பார்கள். ஆட்டம் அதற்காக நிற்காது. ஒரு தடவை உள்ளே போய் வருவதற்கு ஷிஃப்ட் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மில்லில் எட்டு மணி நேர ஷிஃப்ட் பார்த்த எனக்கு இது முதல் ஆச்சரியம். இரண்டாவது ஆச்சரியம் மறுநாள் பேப்பர். ஒவ்வொரு ஆட்டக்காரன் பெயருக்கு நேரேயும் எறும்பு ஊர்வது மாதிரி எண்கள். கோல் எத்தனை, கோலுக்கு உதவியது எத்தனை, தப்பாட்டம் ஆடித் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்தது எத்தனை நிமிடம் என்று அதையும் விடாமல் கூட்டிப் போட்டிருப்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் நான் பெஞ்சு மேல் நின்ற நேரத்தை யாராவது இப்படிக் கூட்டி அச்சடித்திருந்தால் எங்கள் தெருவிலேயே நான் பெரிய ஆளாகியிருப்பேன். கோல் காப்பவருக்கு விழாததும் கணக்கு. கோலைக் குறிவைத்து முப்பது அடி வந்து இருபத்தேழைத் தடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு என்று மார்க் போட்டுவிடுவார்கள்.

எனக்கு ஸ்கேட்டிங் வராது. ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அதனால் ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டு, அணிக்குக் குறிப்பெழுதும் வேலையைக் கொடுத்தார். கண்ணாடிக் கூண்டு ஒன்றில் உட்கார்ந்து யார் கோல் போட்டது, யார் உதவியது என்று தாளில் எழுத வேண்டும். முதல் ஆட்டத்தில் விழுந்த முதல் கோலுக்கே உதவியவர்கள் என்று நான் நான்கு பெயர்களை எழுதினேன். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகை அடித்துப் பழகிய கை அது. என் அண்ணன் கல்யாணத்தில் ஒரு தாய்மாமா பெயர் விட்டுப்போய், மனுஷன் கோபித்துக்கொண்டு வராமல் இருந்துவிட, மாப்பிள்ளை வேட்டியோடு அண்ணனே சைக்கிளை மிதித்துத் தேவதானம் போய்க் கூட்டி வந்தான். அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் பெயரையும் விடுவதில்லை. டெனிஸ் தாளைப் பார்த்துவிட்டு இரண்டு விரலைக் காட்டினான். கடைசியாகத் தொட்டுக் கொடுத்த இரண்டு பேருக்குத்தான் உதவிக் கணக்காம். "அப்போ அவனுக்குக் கொடுத்தவன்?" என்றேன். கிடையாது என்றான். "அவனை வீட்டிலிருந்து காரில் கூட்டி வந்தவன்?" என்றேன், நியாயமாகத்தான். டெனிஸ் கொஞ்சம் யோசித்தான். "உனக்கு வீட்டுக்குப் போக வண்டி வேணுமா?" என்று கேட்டு, தோளில் கை போட்டு அழைத்துப்போய்த் தன் காரில் ஏற்றிக்கொண்டான். விளக்கிச் சொல்ல ஆங்கிலம் போதவில்லை. என் கார் அங்கேயே இரண்டு நாள் பனி மூடிக் கிடந்தது.

அந்தப் பயணத்தில்தான் பிளஸ், மைனஸ் என்றால் என்னவென்று சொன்னான். ஒரு கோல் விழுகிற நொடியில், போட்ட பக்கத்தில் ஐஸ் மேல் நிற்கிற ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு பிளஸ். வாங்கிக் கட்டிக்கொண்ட பக்கத்தில் நின்ற ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு மைனஸ். ஒருவன் மூலையில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாலும் சரி, நின்றான் என்றால் அவனுக்கும் உண்டு. கோல் காப்பவருக்கு இந்தக் கணக்குக் கிடையாது. நம் ஆள் ஒருவன் தண்டனைப் பெட்டியில் இருக்க, ஆள் குறைவாக ஆடும்போது எதிரி அதைப் பயன்படுத்திக் கோல் போட்டால் அதற்கு மைனஸ் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அணி ஆறு வாங்கியும் டெனிஸ் சிரித்தது இதனால்தான். அந்த ஆறில் ஒன்றுக்குக்கூட அவன் உள்ளே இல்லை, போட்ட இரண்டில் ஒன்றுக்கு நின்றிருந்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எங்க ஊர்ல இதுக்கு ராசின்னு பேரு" என்றேன். உங்கள் ஊரிலும் ஐஸ் உண்டா என்று ஆர்வமாகக் கேட்டான். சோடாக் கடையில் சில நாள் உண்டு என்று சொல்லி வைத்தேன்.

ராசியைப் பற்றி எனக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் அப்பா மில்லில் நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் மெஷின்களுக்கு மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்றவர். ஒவ்வொரு மெஷினிலும் மீட்டர் பார்த்து, யார் ஷிஃப்டில் எவ்வளவு நூல் ஓடியது என்று எழுதி எழுதி, வீட்டிலும் அதே பழக்கம். பால் பொங்கியது, பல்லி விழுந்தது எல்லாவற்றுக்கும் அந்த நேரத்தில் யார் டியூட்டி என்று பார்ப்பார். அண்ணன் கல்யாணம் முடிந்த கையோடு நான் கனடாவுக்குக் கிளம்பிவிட்டேன். அண்ணன் மனைவி கனி மதினி கூமாப்பட்டியிலிருந்து வாழ வந்த அந்த வாரத்திலேயே கிணற்று மோட்டார் எரிந்து போனது. அன்றைக்கே அவள் பெயரில் எழுதியாகிவிட்டது. அதற்குப் பிறகு வீட்டில் விழுந்தது, உடைந்தது, ஒழுகியது எல்லாம் அந்தப் பெயரிலேயே ஏறிக்கொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஒரு ஷெட் பிடித்து, பேண்டேஜ் துணி நெய்ய இரண்டு விசைத்தறி போடுகிறான். லீவு போட்டு வா என்று எழுதியிருந்தான். கடிதத்தின் ஓரத்தில் மதினி கையெழுத்தில் மூன்று வரி. 'தறிக்குக் கட்டையில நூலுத் தார் சுத்துனது பூரா நான். ஆனா தொறக்குற அன்னைக்கு என்னைய கூமாப்பட்டிக்கு அனுப்பப் போறாக, மாமா சொல்லிட்டாக. போனா நான் திரும்ப மாட்டேன் கொழுந்தனாரே, உங்க அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்.' மதினி அழுகிற ஆள் கிடையாது. சொன்னால் செய்கிற ஆள். நான் டிக்கெட் எடுத்தேன்.

ஊரில் போய் இறங்கிய மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாட்டின்போது அப்பா பேச்சைத் தொடங்கினார். "என்னலே, அங்கன ஐஸ் மேலயா ஆடுதாக? வழுக்காதா?"

"வழுக்கத்தான்ப்பா ஆடுதாக" என்றேன். அப்படியே விளையாட்டையும் கணக்குகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அப்பாவுக்கு எண்கள் என்றால் உயிர். மோரை ஊற்றிக்கொள்ள மறந்து கேட்டார். பிளஸ், மைனஸ் வந்ததும் இலையைத் தட்டினார்.

"கேட்டியா? வெள்ளக்காரனே ராசி பாக்கான். நான் சொன்னா மட்டும் கிறுக்கன்."

அடுப்படி நிலையில் சாய்ந்து நின்ற மதினி, "கோல் விழுந்தா அஞ்சு பேருக்குமா மைனஸு?" என்று கேட்டாள்.

"ஐஸ்ல நின்ன அஞ்சு பேருக்கும் மதினி."

"ஒருத்திக்கு மட்டும் இல்ல?"

"இல்ல."

"சரி. சாதம் போடவா?" என்று உள்ளே போய்விட்டாள். டெனிஸ் மட்டையைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் குனிவான். அடுத்த நிமிடம் யாரோ விழப்போகிறார்கள் என்று அர்த்தம். மதினி கரண்டியை வைத்த சத்தம் அப்படித்தான் இருந்தது.

மறுநாள் காலை, அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு நீளத் தாளோடு வந்தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மேலே மாமா, அத்தை, அவுக, நான் என்று நான்கு கட்டம். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அண்ணன் சவரம் செய்துகொண்டிருந்தான்.

"மாமா, நீங்க என் ராசின்னு சொல்லுத அஞ்சையும் எழுதிருக்கேன். சரியான்னு பாருங்க. மோட்டார் எரிஞ்சது. அன்னைக்கு நாலு பேரும் வீட்டுல இருந்தோம். ஆளுக்கு ஒண்ணு."

"சரி" என்றார் அப்பா, பேப்பரை இறக்காமல்.

"கரண்டு கனெக்சன் குடுக்க வந்தவர நம்ம நாயி கடிச்சது. அது ஆடி மாசம். நான் எங்க இருந்தேன்?"

புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள் என்பது அங்கே பூனைக்குக்கூடத் தெரியும். "கூமாப்பட்டியில" என்று அம்மா கீரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அத்தையும் மாமாவும் நின்னிய. சங்கிலி யாரு கையில இருந்துச்சு மாமா?"

பேப்பர் இறங்கியது. "அது அத்துக்கிட்டு ஓடிச்சுட்டி. ராஜபாளையத்து நாயப் பிடிச்சு நிறுத்த முடியுமா?"

"சரி, உங்களுக்கொண்ணு, அத்தைக்கொண்ணு. முருங்க மரம் அடுப்படி ஓட்டுல விழுந்தது. அதுவும் ஆடிக் காத்து. எனக்குக் கெடையாது, உங்க மூணு பேருக்கும் உண்டு. பொறவு, நீங்க பாத்ரூம்ல வழுக்கிக் கைய ஒடிச்சிக்கிட்டது. அன்னைக்கு உங்க மகன் உங்ககூடச் சண்டை போட்டுட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்ல உங்க தங்கச்சி வீட்டுல போயி உக்காந்திருந்தாக. தப்பாட்டம் ஆடி ஆளு வெளிய. ஆள் கொறைவா இருந்தா மைனஸ் கெடையாதுல்லா கொழுந்தனாரே?"

"கெடையாது மதினி" என்றேன். முகத்தில் பாதி நுரையோடு அண்ணன் என்னை முறைத்தான்.

"அத விட்டுருவோம். தறிய லாரில இருந்து எறக்கயில சக்கரம் ஒடஞ்சது. நீங்க, நான், அவுக. அத்தை கோயிலுக்குப் போயிருந்தாக. ஆகமொத்தம் எனக்கு ரெண்டு, அத்தைக்கு மூணு, அவுகளுக்கு மூணு. உங்களுக்கு நாலு." தாளை அவர் மடியில் வைத்தாள். "கணக்குப்படி அன்னைக்குக் கூமாப்பட்டிக்குப் போக வேண்டியது யாருன்னு நீங்களே சொல்லுங்க. எங்கம்மா நல்லாச் சமைப்பாக, உங்களுக்குக் கொறை வராது."

அம்மாவுக்குக் கீரை ஆய முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா தாளை எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து, விரல் வைத்து ஒவ்வொரு கட்டமாகக் கூட்டினார். மில்லில் எத்தனையோ தொழிலாளிகளின் கணக்கை மடக்கியவர். பத்து நிமிடம் கழித்து முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"ஏலே, கோல் பிடிக்கவனுக்கு மைனஸ் கெடையாதுன்னல்லா? இந்த வீட்டுக்குக் கோல் பிடிக்கது யாரு? நானு. என் பேர அடி."

மதினி அசையவில்லை. "அடிச்சிருதேன் மாமா. ஆனா அவியளுக்கு வேற கணக்கு இருக்காம். எத்தன அடி வந்துச்சு, எத்தனையத் தடுத்தாகன்னு. அஞ்சு வந்துச்சு. நீங்க எத்தனையப் பிடிச்சிய?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "இந்தக் கருமம் பிடிச்ச வெளையாட்டக் கொண்டாரத்தான் ஏரோப்ளேன் ஏறி வந்தியாலே?" என்று எழுந்து போய்விட்டார். அனுப்புவேன் என்றும் சொல்லவில்லை, அனுப்ப மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஷெட் திறக்கும் நாள் காலையில் மதினி தன் துணிகளை ஒரு ரெக்சின் பையில் வைத்து, ஜிப்பை இழுத்து, வாசல் நடையில் கொண்டுவந்து வைத்தாள். கூமாப்பட்டிக்குப் போகிற வத்திராயிருப்பு பஸ் ஏழரைக்கு. அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றினான். ஏழு மணிக்கு அப்பா குளித்துவிட்டு வந்தார். பையைத் தூக்கினார். பஸ் ஸ்டாண்டுக்குத்தான் என்று நினைத்தோம். அவர் அதைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிறு கட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுப் பக்கமாக மிதித்துப் போய்விட்டார். நாங்கள் நான்கு பேரும் பின்னாலேயே ஓடினோம்.

அன்றைக்கே எனக்குப் புறப்பாடு. மதுரை போய் அங்கிருந்து விமானம் பிடிக்க வேண்டும். மதுரை பஸ் ஷெட் வாசலில் கைகாட்டினால் நிற்கும் என்பதால் பெட்டியோடு வந்திருந்தேன். உள்ளே இரண்டு தறிக்கும் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டியிருந்தது. அப்பாவின் தங்கை, ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தை, பட்டுப்புடவையில் சுவிட்சுப் பெட்டிக்கு நேராக வந்து நின்றுகொண்டார். அப்பா மதினியைப் பார்த்து, "சுவிச்சு ஒசரமா இருக்கே, ஒனக்குக் கை எட்டுமாட்டி?" என்றார். எட்டியது. தறி தடதடவென்று எழுந்தது. வெள்ளைத் துணி ஒரு ஜாண் இறங்கியிருக்கும். தறி நின்றது. மேலே மின்விசிறியும் மெதுவாகச் சுற்றி நின்றது. கரண்ட் போய்விட்டது.

எல்லார் முகமும் ஒரே பக்கமாகத் திரும்பியது. மதினி சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள். "நான் அப்பமே சொன்னேன்" என்றார் அத்தை.

"என்னத்தச் சொன்ன?" என்றார் அப்பா. "நிக்கயில எல்லாரும்தான நின்னோம். கனி, அந்தத் தாள எடு. எல்லாருக்கும் ஒரு மைனஸ் போடு." பிறகு அத்தையைக் காட்டி, "இவளுக்கும் ஒரு கட்டம் புதுசாப் போட்டு எழுது. பட்டுச்சேல கட்டிக்கிட்டு முன்னால வந்து நின்னாள்லா" என்றார். கடைசியில் என்னைப் பார்த்தார். "நீயும் நிக்கேல்லா? ஒனக்கும் ஒண்ணு."

மதினி பென்சிலை நாக்கில் தொட்டு என் பெயரை எழுதி, நேரே ஒரு கோடு இழுத்தாள். ஊரை விட்டுப் போன பிறகு அந்த வீட்டுக் கணக்கில் என் பெயரில் ஏதாவது எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியில் காட்டினால் அடி விழும் என்பதால் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். பஸ் வந்துவிட்டது.

கனடா வந்து மூன்று வாரத்தில் மதினியின் கடிதம். இப்போது முழுப் பக்கமும் அவள் கையெழுத்து. பை ஷெட்டில் ஆணியில் தொங்குகிறது, துணிகளை எடுத்துவிட்டு நூல் சுற்றிய தார்க் கட்டைகளைப் போட்டு வைத்திருக்கிறாள். மாமா காலையில் வந்தால் மாலை வரை நகர்வதில்லை, மீட்டர் இல்லாத தறியில் மீட்டர் தேடுகிறார். 'நீங்க பஸ் ஏறுன கால் மணி நேரத்துல கரண்ட் வந்துருச்சு. தறி ரெண்டும் பொழுதடையிற வரைக்கும் ஓடுச்சு. எல்லாருக்கும் ஒரு பிளஸ் போட்டு நேராக்கியாச்சு. உங்களுக்கும் போடுவோம்னு நான் சொன்னேன், மாமா ஒத்துக்கிடல. ஆளு ஐஸ்ல இல்லன்னுட்டாக.'

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் டெனிஸ் ஒருவனை மட்டையால் இடறிவிட்டான். நான் குறிப்பெழுதும் கூண்டுக்கு அடுத்ததுதான் தண்டனைப் பெட்டி. இரண்டு நிமிடம் உட்கார வந்தவன், வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இந்த சீசனில் நான் எவ்வளவு?" என்று கேட்டான். தாளைப் பார்த்து மைனஸ் இரண்டு என்றேன். ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். பிறகு கூண்டுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறவனைக் கேலி செய்கிற மாதிரி, "நீ?" என்றான்.

"மைனஸ் ஒன்று" என்றேன்.

டெனிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தான். "எந்த டீமில்?"

கடிகாரத்தில் அவன் நேரம் முடிந்திருந்தது. கதவைத் திறந்துவிட்டேன். அவன் ஐஸ் மேல் பாய்ந்து போனான். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, இப்போது உள்ளே நிற்கிற ஐந்து பேரின் சட்டை எண்களை எழுதத் தொடங்கினேன்.